கார்ப்பெட்டுக்கு அடியில் ஓக் தரை: மெஷினை வாடகைக்கு எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் நாங்கள் வாங்கிய வீடு 1950களில் கட்டியது. கூடத்திலும் இரண்டு படுக்கையறைகளிலும் சுவருக்குச் சுவர் கார்ப்பெட். அலமாரிக்குள் ஒரு மூலையைக் குறடால் பிடித்து இழுத்துப் பார்த்தபோது, கீழே இரண்டேகால் அங்குல அகலத்தில் ஓக் பலகைகள் வரிசையாகத் தெரிந்தன. ஆனால் மேலே ஒரு கறுத்த படலம், அங்கங்கே வெள்ளைத் திட்டு, ஜன்னலோரம் மை கொட்டினாற்போல் ஒரு கறை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "மெஷின் போட்டுத் தேய்ச்சிடுங்க, புதுசாயிடும்."

கடைசியில் மூன்று அறைகளில் ஒன்றைத்தான் மெஷினால் தேய்த்தோம். மற்ற இரண்டில் ஒன்று நன்றாகத் துடைத்ததிலேயே தெளிந்துவிட்டது. இன்னொன்றுக்கு ஒரு கோட் மறுபூச்சு போதுமானதாக இருந்தது. புதிதாகப் பழைய வீடு வாங்கியவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: அழுக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு கை வையுங்கள். மேல்பூச்சின் மேல் இருந்தால் துணி போதும். மேல்பூச்சுக்குள் இருந்தால் மறுபூச்சு. மரத்துக்குள்ளேயே இறங்கியிருந்தால்தான் உப்புத்தாள்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், முக்கால் அங்குலப் பலகை முழுவதையும் தேய்க்க முடியாது. பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று நாக்கும் பள்ளமுமாகக் கோத்து, அந்த நாக்கில்தான் ஆணி அடித்திருப்பார்கள். நாக்குக்கு மேலே இருக்கிற கால் அங்குலச் சொச்சம் மரம்தான் நமக்குச் சொந்தம். ஒவ்வொரு முழுத் தேய்ப்பும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுபோகும். நாலைந்து முறைக்கு மேல் தாங்காது. நமக்கு முன்னால் இருந்தவர்கள் எத்தனை முறை தேய்த்தார்களோ, யாருக்குத் தெரியும்?

முதலில் என்ன தரை என்று பாருங்கள்

தரையில் சூட்டுக் காற்று வரும் துவாரத்தின் இரும்புச் சட்டத்தை எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடியுங்கள். பலகையின் வெட்டுப் பக்கம் அங்கே அப்படியே தெரியும். மேலிருந்து கீழ்வரை ஒரே மரமாக இருந்தால் முழு மரத்தரை. மேலே மெல்லிய மரத் தகடு, கீழே பிளைவுட் அடுக்குகள் என்றால் அது எஞ்சினியர்ட் தரை. அதன் மேல் தகடு ஒரு மில்லிமீட்டரும் இருக்கலாம், ஐந்தாறு மில்லிமீட்டரும் இருக்கலாம். ஒரு மில்லிமீட்டர் தகட்டை மெஷினால் தேய்த்தால் பிளைவுட் வெளியே வந்துவிடும். மேலே மரப் படம் அச்சடித்து, நடுவில் அட்டை மாதிரி பழுப்பாகத் தெரிந்தால் அது லாமினேட். ஒரே முடிச்சு, ஒரே ரேகை பல பலகைகளில் திரும்பத் திரும்ப வருவதை வைத்தும் அதைக் கண்டுபிடிக்கலாம். அதற்கு இந்தக் கட்டுரையில் துடைக்கும் பகுதி மட்டும் பொருந்தும்.

போருக்கு முந்தைய டொராண்டோ வீடுகள் சிலவற்றில் முழு மரமாகவே இருந்தாலும் தடிமன் 3/8 அங்குலம்தான். ஆணிகள் மேலிருந்தே அடித்திருக்கும், தலைகள் வரிசையாகக் கண்ணில் படும். அந்தத் தரையை இன்னும் பத்திரமாகக் கையாள வேண்டும். எந்தத் தரையிலும் பலகை இடுக்குகளில் ஆணியின் பளபளப்பு தெரிய ஆரம்பித்திருந்தால், அது தன் கடைசித் தேய்ப்பைப் பார்த்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் எதுவென்பது அவ்வளவு முக்கியமில்லை. இந்தப் பக்கம் பெரும்பாலும் சிவப்பு ஓக் அல்லது வெள்ளை ஓக், சில இடங்களில் மேப்பிள். ஓக்கில் ரேகை ஆழமாக, துளைத்துளையாக ஓடும். மேப்பிள் வழவழவென்று இருக்கும். துளைகளுக்குள் அழுக்கு போய் உட்காருவதால் ஓக் சீக்கிரம் கறுத்த மாதிரி தெரியும். ஆனால் கீறலை மறைப்பதில் ஓக்தான் கெட்டி.

கார்ப்பெட்டை எடுப்பது

கார்ப்பெட்டின் நடுவில் கத்தியால் கீறி, இரண்டடிப் பட்டைகளாகச் சுருட்டி எடுத்தால் ஒரு ஆளே தூக்கிவிடலாம். கத்தியை ஆழமாக அழுத்தாதீர்கள், கீழே மரம் இருக்கிறது. கார்ப்பெட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கமாக வெட்டுவது இன்னும் நல்லது. சுவரோரத்தில் முள் வைத்த மரச்சட்டம் ஓடும். அதை நெம்பும்போது கம்பிக்கு அடியில் ஒரு மெல்லிய பலகைத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு நெம்பலும் ஓக்கில் ஒரு குழியாகப் பதியும். ஸ்டேப்பிள் பின்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். குழந்தைகள் வீட்டில் இருந்தால் கையால் தரையைத் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. முழங்காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. கார்ப்பெட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒன்பது அங்குலச் சதுர ஓடுகளோ, தார் மாதிரி கறுத்த பசையோ இருந்தால் சுரண்டவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். அந்தக் காலத்து ஓடுகளிலும் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு துண்டைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி முடிவு தெரிந்த பிறகே மேலே போங்கள். அதே போல, கனடாவில் 1960க்கு முன் கட்டிய வீட்டில் ஈயம் கலந்த பெயிண்ட் அடித்திருக்கக்கூடும். தரையிலோ சுவரோரப் பலகையிலோ பழைய பெயிண்ட் இருந்தால் அதையும் சோதிக்காமல் தூசியாக்கக் கூடாது. சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் இந்தச் சோதனைகளை ஒத்திப்போடவே கூடாது.

மேல்பூச்சு எதுவென்று கண்டுபிடிப்பது

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் தாண்டிவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். அரை மணி நேரம்தான் ஆகும். அலமாரிக்குள் அல்லது கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் செய்து பாருங்கள். தேவையானவை தண்ணீர், மினரல் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைக்கும் எண்ணெய்), மெத்தில் ஹைட்ரேட், வெள்ளைத் துணி. எல்லாம் வன்பொருள் கடையில் கிடைக்கும். மெத்தில் ஹைட்ரேட் என்பது மெத்தனால். விஷம், எளிதில் தீப்பிடிக்கும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துமுத்தாக நின்றால் மேல்பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. சில நிமிடங்களில் மரம் கறுத்து உறிஞ்சிக்கொண்டால் அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது. பத்து நிமிடம் கழித்துத் தண்ணீருக்குக் கீழே வெள்ளையாகப் பூத்தால் மெழுகு போட்ட தரையாக இருக்கலாம். இதை நடமாட்டம் அதிகமான இடத்திலும் செய்து பாருங்கள். அலமாரிக்குள் நன்றாக இருக்கும் தரை, வாசல்படி அருகே வெறும் மரமாக நிற்கும்.

அடுத்து, மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியில் மஞ்சளாக, பழுப்பாக வழவழப்பு ஏறினால் அது மெழுகு. மூன்றாவது, இன்னொரு இடத்தில் மெத்தில் ஹைட்ரேட் இரண்டு சொட்டு. பூச்சு பிசுபிசுத்து இளகினால் அது ஷெல்லாக், அதாவது நம் தச்சர்கள் பிரெஞ்ச் பாலிஷுக்குக் கரைக்கும் அதே அரக்கு. இரண்டுக்கும் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் பாலியூரித்தேன், அதாவது காய்ந்ததும் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகும் மேல்பூச்சு. 1950களில் கட்டிய வீட்டில், பின்னால் யாரும் கை வைக்காமல் கார்ப்பெட் மூடியிருந்தால், ஷெல்லாக்கும் மெழுகும் கிடைப்பது சகஜம். எங்கள் சின்னப் படுக்கையறையில் அப்படித்தான் இருந்தது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. மெழுகு போட்ட தரையில் ஈர மாப் வைத்தால் வெள்ளைத் திட்டு பூக்கும். மெழுகின் மேல் பாலியூரித்தேன் அடித்தால் ஒட்டாமல் தோல் உரிகிற மாதிரி உரியும். தப்பான பூச்சின் மேல் செய்கிற வேலை எல்லாம் இரட்டை வேலை.

கழுவக் கூடாது, துடைக்க வேண்டும்

நாம் சிமெண்ட் தரையிலும் மொசைக்கிலும் வளர்ந்தவர்கள். பண்டிகைக்கு முந்தின நாள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தள்ளிக் கழுவியதுதான் நமக்குத் தெரிந்த சுத்தம். ஊரிலிருந்து வருகிற அம்மா, மாமியாருக்கும் அந்தக் கைதான் முன்னால் வரும். மரத்தரைக்கு ஆகவே ஆகாதது அதுதான். தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கினால் அடிப்பக்கம் ஊதும், ஓரங்கள் மேலே எழும்பும், தரை கிண்ணம் மாதிரி குழியும். நீராவி மாப்பும் வேண்டாம். சூடும் ஈரமும் சேர்ந்து பூச்சைப் பிரித்துவிடும்.

பாலியூரித்தேன் தரைக்கு இப்படிச் செய்யுங்கள். முதலில் வேக்குவம். சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, மென்மையான பிரஷ் வைத்து, பலகை ஓடும் திசையிலேயே இழுங்கள். இடுக்குகளுக்கு ஒல்லியான மூக்கு. மணலை எடுக்காமல் துடைத்தால் அந்த மணலே உப்புத்தாள் ஆகிவிடும். பிறகு மரத்தரைக்கென்று விற்கும், அமிலமும் காரமும் இல்லாத கிளீனரை மைக்ரோஃபைபர் துணியில் தெளித்து, மூன்றடிக்கு மூன்றடி கட்டமாகத் துடையுங்கள். தரை ஓரிரு நிமிடத்தில் தானாகக் காய வேண்டும். அதற்கு மேல் ஈரம் நின்றால் துணியில் தண்ணீர் அதிகம். துணி கறுத்ததும் மாற்றுங்கள். பல வருட அழுக்குத் தரைக்கு ஒரு அறைக்கே பத்துப் பன்னிரண்டு துணி போகும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

மூன்று முறை துடைத்தும் மங்கலாக, கால்தடம் பதிகிற மாதிரி இருந்தால், அது யாரோ வருடக்கணக்கில் போட்ட எண்ணெய் சோப்போ, "பளபளப்பு" திரவமோ விட்டுப்போன படலம். எண்ணெய்ப் பிசுக்கும் மெழுகும் மினரல் ஸ்பிரிட் துணிக்கு வந்துவிடும். அக்ரிலிக் பாலிஷுக்கு அதற்கென்றே விற்கும் ரிமூவர் வேண்டும். பலவற்றில் அம்மோனியா இருக்கும். பூச்சு போன இடத்தில் அம்மோனியா பட்டால் ஓக் கறுக்கும், ஓக்கில் உள்ள டானின் (மரத்தில் இயல்பாகவே இருக்கும் துவர்ப்புப் பொருள்) அப்படி. அதனால் ஓரத்தில் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். பிளீச்சோடு சேர்த்து ஒருபோதும் கலக்காதீர்கள், வரும் வாயு நுரையீரலைக் கெடுக்கும்.

வினிகர் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ஆரம்பத்தில் நானும் வாரா வாரம் வினிகர் தண்ணீரால்தான் துடைத்தேன். ஒரு வருடத்தில் அடுப்படி வாசலில் பூச்சின் மினுக்கம் செத்து, சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. அமிலம் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கடிக்கும். உடனே தெரியாது என்பதால்தான் பலர் தொடர்ந்து செய்கிறார்கள். கறை போக்குவதாகச் சொல்லி விற்கும் வெள்ளை மெலமைன் பஞ்சும் அப்படியே. அது மிக நைசான உப்புத்தாள்தான்.

மெழுகு அல்லது ஷெல்லாக் தரை என்றால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். மினரல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து, பலகை ஓட்டத்தில் தேய்த்து, அழுக்கு மெழுகை எடுங்கள். பிடிவாதமான இடத்தில் 0000 எண் கொண்ட நைசான ஸ்டீல் ஊல். அறை முழுவதும் சுத்தமானதும், தரைக்கான பேஸ்ட் மெழுகை மெல்லிசாகப் பூசி, காய்ந்த பிறகு பருத்தித் துணியால் மெருகேற்றுங்கள். எங்கள் சின்னப் படுக்கையறையில் இதைத்தான் செய்தோம். ஒரு சனி, ஒரு ஞாயிறு. ஏழு பத்தாண்டு பழைய ஓக் தேன் நிறத்தில் வெளியே வந்தது. அதைத் தேய்த்திருந்தால் அந்த நிறம் போயிருக்கும், திரும்ப வராது.

இந்த வேலையின்போது வீட்டில் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். சுடுநீர் டாங்கியின் பைலட் ஜோதியையும், அதாவது உள்ளே எரிந்துகொண்டே இருக்கும் சிறு சுடரையும் மறக்காதீர்கள்.

கறைகள்

கறையின் நிறமே பாதி விவரம் சொல்லிவிடும். வெள்ளைக் கறை என்றால் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, மரத்துக்குப் போகவில்லை. முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் காட்டினால் பல நேரம் கலைந்துவிடும். மெழுகுத் தரையில் 0000 ஸ்டீல் ஊலும் மினரல் ஸ்பிரிட்டும் போதும்.

கறுப்புக் கறை மரத்துக்குள் இறங்கியது. பூந்தொட்டிக்கு அடியில், ஜன்னலோரத்தில், ஆணியைச் சுற்றி வரும். தண்ணீரில் உள்ள இரும்பும் ஓக்கின் டானினும் சேர்ந்தால் எழுதுகிற மை மாதிரியே ஒன்று உருவாகிறது. இதற்கு ஆக்ஸாலிக் ஆசிட். வெறும் மரத்தில்தான் வேலை செய்யும் என்பதால் அந்த இடத்தில் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். அரை லிட்டர் சூடான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டித் தூளைக் கரைத்து, கறையுள்ள பலகை முழுவதிலும் தடவுங்கள். கறையின் மேல் மட்டும் தடவினால் வெளுத்த வட்டம் ஒன்று நின்றுவிடும். அரை மணி நேரம் விட்டு, துணியால் ஒற்றி எடுத்து, பேக்கிங் சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, இரண்டு நாள் காயவிடுங்கள். தேவைப்பட்டால் மறுபடியும் ஒரு முறை. ஆக்ஸாலிக் ஆசிட் விஷம். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். சரியாகத் துடைக்காமல் காய்ந்த இடத்தைத் தேய்த்தால் அந்தத் தூசி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். குழந்தைகள், பூனை, நாய் எதுவும் அந்த அறைக்குள் வரக் கூடாது.

நாய், பூனை சிறுநீர் வருடக்கணக்கில் ஊறிய கறுப்பு இதற்கும் மசியாது. அப்போது பலகையை மாற்றுவதுதான் வழி. புதுப் பலகை வாங்காதீர்கள், நிறம் சேராது. அலமாரிக்குள் இருக்கும் பழைய பலகைகளைக் கழற்றிக் கூடத்தில் போட்டுவிட்டு, புதுப் பலகையை அலமாரிக்குள் போடச் சொல்லுங்கள். அனுபவமுள்ள தரை வேலைக்காரர்கள் செய்வது இதைத்தான்.

நம் வீடுகளுக்கே உரிய கறைகள் சில உண்டு. மஞ்சள் கொட்டினால் உடனே உலர்ந்த துணியால் அள்ளி எடுத்து, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு வைத்த ஈரத் துணியால் துடையுங்கள். நிற்கிற மஞ்சள் நிறத்தைப் பற்றிப் பதற வேண்டாம். வெயில் பட்டால் சில நாளில் மங்கும், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தைத் தாங்காது. குத்துவிளக்கு எண்ணெய் வேறு கதை. பூச்சு தேய்ந்த இடத்தில் ஊறிவிட்டால், பின்னால் எந்தப் பூச்சும் அங்கே ஒட்டாது. விளக்குக்கு அடியில் ஓரம் உயர்ந்த பித்தளைத் தட்டு, அதற்கு அடியில் ஒரு மணை. ஊதுபத்தி நெருப்பு விழுந்த தடம் ஆழமில்லாமல் இருந்தால் பிளேடால் கரியை மட்டும் சுரண்டி, அந்த இடத்துக்கு மட்டும் பூச்சு தொட்டு வைக்கலாம்.

மறுபூச்சு

தண்ணீர்ச் சொட்டு நின்றது, கறை எதுவும் மரத்துக்குள் போகவில்லை, ஆனால் தரை முழுக்க மெல்லிய கீறல், மினுக்கம் இல்லை. இப்படியிருந்தால் பழைய பூச்சின் மேல்பரப்பை மட்டும் லேசாக உரசி, அதன் மேல் ஒரு கோட் அடிக்கலாம். மரத்தில் ஒரு துளியும் குறையாது.

முன்பே ஒரு சோதனை. ஒரு மூலையில் சுத்தமாகத் துடைத்து, நைசான உப்புத்தாளால் உரசி, புதுப் பூச்சை அடித்து இரண்டு நாள் விடுங்கள். பிறகு காசு ஒன்றால் சுரண்டுங்கள். சீவல் சீவலாக உரிந்தால் பழைய தரையில் மெழுகோ சிலிக்கான் ஸ்பிரேயோ இருக்கிறது. பூச்சு மீன் கண் மாதிரி குழிகுழியாக விலகினாலும் அதே காரணம்தான். ஒட்டிக்கொண்டு நின்றால் துணிந்து இறங்கலாம்.

தரையை ஆழமாகத் துடைத்துக் காயவிட்டு, வாடகை பஃபர் மெஷினில் (தட்டு சுழலும் மெருகு மெஷின்) 150 எண் வலைத்தாளை, அதாவது வலை போன்ற உப்புத்தாளைப் பொருத்தி முழுவதும் உரசுங்கள்; எண் கூடக் கூடத் தாள் நைசாகும். எங்கும் பளபளப்பு மிச்சமில்லாமல் ஒரே மாதிரி மங்கலாக வர வேண்டும். மூலைகளைக் கையால். பிறகு இரண்டு முறை வேக்குவம், ஈரம் ஒற்றிய மைக்ரோஃபைபர் துணி. பூச்சு டப்பாவைக் குலுக்கக் கூடாது, குமிழி வரும். மெதுவாகக் கலக்குங்கள். கதவுக்கு எதிர் மூலையில் ஆரம்பித்து, பலகை ஓட்டத்தில் இழுத்து, கதவை நோக்கிப் பின்னால் வாருங்கள். ஓரம் காய்வதற்குள் அடுத்த இழுப்பு அதைத் தொட வேண்டும். காய ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சரி செய்யாதீர்கள்.

எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் மரத்துக்குத் தேன் நிறம் தரும், நாள் போகப் போக மஞ்சளாகும், வாடை கடுமை, காய நேரமெடுக்கும். தண்ணீர் வகை நிறம் மாறாது, சில மணி நேரத்தில் அடுத்த கோட் அடிக்கலாம். குழந்தைகள் உள்ள வீட்டுக்குத் தண்ணீர் வகையையே நான் சொல்வேன். ஒரு நாள் கழித்துக் காலுறையோடு நடக்கலாம். சாமான்களை மூன்று நான்கு நாள் கழித்துத் தூக்கி வையுங்கள், இழுக்க வேண்டாம். விரிப்பு போடத் தண்ணீர் வகைக்கு இரண்டு வாரம், எண்ணெய் வகைக்கு ஒரு மாதம்.

மெஷின் தேய்ப்பு

பெரும்பாலான தரையில் சொட்டுத் தண்ணீர் உறிஞ்சுகிறது, மரம் சாம்பலாகிவிட்டது, ஆழக் கறைகள் நிறைய என்றால் தேய்க்கத்தான் வேண்டும். வாடகைக் கடையில் டிரம் மெஷினைத்தான், அதாவது சுழலும் உருளையில் உப்புத்தாள் சுற்றிய மெஷினைத்தான் முதலில் நீட்டுவார்கள். வேகமானது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நொடி நின்றாலும் தரையில் பள்ளம் விழும். முதல் முறை செய்பவர்கள் தட்டையாக அதிரும் ஆர்பிட்டல் மெஷினைக் கேளுங்கள். இரட்டிப்பு நேரமாகும், ஆனால் தப்பு திருத்தக்கூடியதாக இருக்கும்.

எல்லா ஆணித் தலைகளையும் ஆணி இறக்கும் பஞ்சால் உள்ளே இறக்கிவிடுங்கள். சூட்டுக் காற்றுத் துவாரங்களை மூடி, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை நிறுத்தி, கதவுகளில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுங்கள். 40 எண் தாளில் ஆரம்பித்து 60, 80, 100 என்று போங்கள். இடையில் ஒன்றைத் தாண்டினால் முந்தின தாளின் கீறல் அப்படியே நின்று, பூச்சு அடித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஓரத்தையும் நடுவையும் சேர்த்து முடித்துவிட்டே அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். மூலைகளுக்குக் கைச் சுரண்டி. என்95 முகமூடியும் காதடைப்பும் கட்டாயம்.

வெறும் மரத்துக்கு மூன்று கோட். கோட்டுகளுக்கு நடுவே 220 எண்ணால் லேசாக ஒரு உரசல். ஒரு கேலன் டப்பா 400 முதல் 500 சதுர அடிக்கு வரும். 200 சதுர அடி அறைக்கு மூன்று கோட் என்றால் ஒன்றரை கேலன்.

தீயைப் பற்றி ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். எண்ணெய் வகைப் பூச்சோ சாயமோ துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். யாரும் பற்றவைக்க வேண்டியதில்லை. துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய இரும்பு டப்பாவில் போட்டு மூடுங்கள். மெஷினின் தூசிப் பையும் அப்படியே. ஒவ்வொரு இரவும் பையைக் காலி செய்து, தூசியை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

பிறகு வருடம் முழுவதும்

தரையைக் கெடுப்பது பெரும்பாலும் வாசலில் நுழைகிற மணல்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் பழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கிறது, அது பெரிய பலம். வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒன்று. குளிர்காலத்தில் பூட்ஸ் வைக்க ஓரம் உயர்ந்த தட்டு. தெருவில் போடும் உப்பு காலோடு வந்து வெள்ளையாகக் காயும். அன்றன்றே ஈரம் ஒற்றிய துணியால் எடுத்துவிடுங்கள்.

நாற்காலி, மேசைக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருப்பிப் பாருங்கள், மணல் புதைந்த ஃபெல்ட் தரையைக் கீறும். கிரைண்டரை அடுப்படியிலிருந்து இழுத்து வர வேண்டாம், இரண்டு பேர் தூக்குங்கள். விரிப்புக்கு அடியில் மலிவான பிளாஸ்டிக், ரப்பர் வலை போட்டால் பூச்சில் நிறம் ஏறும். ஃபெல்ட் அடிவிரிப்பு வாங்குங்கள்.

ஜனவரியில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி தெரிய ஆரம்பித்ததும் பலர் பயந்து பட்டி வைத்து அடைக்கிறார்கள். ஃபர்னஸ் ஓடும்போது வீட்டுக் காற்று வறண்டு, மரம் குறுக்குவாட்டில் சுருங்குகிறது. ஜூலையில் தானாக மூடிக்கொள்ளும். அப்போது அடைத்த பட்டி நசுங்கி வெளியே வரும், அல்லது பலகையை எழுப்பும். ஒரு ஈரப்பத மானி வாங்கிச் சுவரில் மாட்டி, 35 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கடும் குளிரில் ஜன்னல் கண்ணாடி வியர்த்தால் 30 வரை குறைக்கலாம்.

வாரம் ஒரு முறை வேக்குவம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிளீனர் துணி. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை அந்தத் தண்ணீர்ச் சொட்டுச் சோதனையை அடுப்படி வாசலிலும் சோபாவுக்கு முன்னாலும் செய்து பாருங்கள். சொட்டு இன்னும் நிற்கும்போதே ஒரு மறுபூச்சு அடித்துவிட்டால் மெஷினுக்கு வேலை வராது.

மிஞ்சிய பூச்சை உறைபனி படாத இடத்தில் வையுங்கள். மூடியின் மேல் தேதி, எந்த அறை, எண்ணெய் வகையா தண்ணீர் வகையா என்று மார்க்கரால் எழுதுங்கள். அதே விவரத்தை ஒரு தாளில் எழுதி அலமாரியின் உள்சுவரிலும் ஒட்டிவிடுங்கள். தேய்த்தோமா இல்லையா என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள், நமக்குப் பிறகு வருபவர் அதைத்தான் முதலில் தேடுவார்.